பிரசாத்துக்கு நற்சான்று

— குடிப்பான் சாமி. என் புள்ளதான், இருந்தாலும் சொல்லணுமில்ல. நல்லா குடிப்பான்.

— வேதநாயகம் ஐயா, நான் இன்னும் கேள்வியே கேக்கல.

— குருமடத்துலேர்ந்து ஊடு தேடி வந்தா இன்னா கேப்பீங்கன்னு தெரியாதா? சாமியாரா போறதுக்கு பிரசாத்து லாயக்கான்னு கேப்பீங்க. முன்னாடியே சொல்லிட்டேன். நானு ஒளிவு மறைவு இல்லாத ஆளு.

— எவ்வளவு குடிப்பான்?

— கண்ணுல பட்டதெல்லாம்.

— சாமியாரு மூஞ்சிக்கு நேரா புளுவறியே, நல்லாருப்பியாய்யா நீ? பங்காளி கல்யாணத்துல பீரு நீட்டினாங்கன்னு பந்தியிலேர்ந்து எழுந்து வந்த புள்ள சாமி அது.

— லூர்துமேரி, கட்னவளா லட்சணமா போயி டீ போடு. பெத்தவளுக்கு புள்ளயோட யோக்கித எங்க தெரியும்? சாமி, பொய்யும் சொல்லுவான்.

— இயேசுவத் தெரியாதுன்னு பேதுருவே மூணு தடவ பொய் சொன்னவர்தானே ஐயா.

— அவரு சேவ கூவினதும் அழுதாரு. இவன் அந்த சேவலயே அடிச்சி கொழம்பு வெச்சிருப்பான்.

— சரி. வேற?

— பொண்ணு கீது. எஸ்தரு. லூப் ரோட்டுல மீன் விக்கறானே செபஸ்தியான், அவன் பொண்ணு. இவன் அது பின்னாடி சுத்தாத நாளு இல்ல.

— எஸ்தரப் பாத்துட்டுத்தான் வர்றேன். ஒரு வருஷம் பேசிப் பழகிட்டு, கடைசியில ஜெபமாலை வாங்கிக் குடுத்தானாம். சொல்லிச் சொல்லிச் சிரிக்குது அந்தப் பொண்ணு.

— கஸ்மாலம். ஒரு வளவி வாங்கிக் குடுக்கத் துப்பில்ல.

— தொழில்ல எப்படி?

— தொழில்லயா? இன்னா சாமி இப்டி கேட்டுட்ட! அல தூக்கறப்போ படகத் திருப்பறதுக்கு அவன மாதிரி கை இந்தக் குப்பத்துலயே கெடயாது. போன ஐப்பசில முகத்துவாரத்தாண்ட படகு கவுந்து நான் உள்ள போயிட்டேன். என் தலமயிர புடிச்சி கரைக்கி இஸ்துகினு வந்தான்.

— அப்போ நல்ல பிள்ளதான்.

— மயிர புடிச்சி இஸ்தான் சாமி! பெத்தவன்னு ஒரு மரியாத வோணாம்?

— ஐயா, உண்மையச் சொல்லுங்க. அவன அனுப்ப உங்களுக்கு இஷ்டமில்ல.

— இல்லதான். முந்தி எங்க தெருவுலேர்ந்து ஒருத்தன இட்டுகினு போனீங்க. எட்டு வருசம் கழிச்சி வந்து என்ன ‘வேதநாயகம் அவர்களே’ன்றான். மாமான்னு கூப்ட வாய் வரல அவனுக்கு. உங்களுக்கு ஊருக்கு நாலு புள்ள கெடைப்பான், எனக்கு இது ஒண்ணு. என் கண்ணு நரம்பு காஞ்சி போச்சாம், ஆபரேசனும் வேலைக்காவாதாம். டாக்டருங்க பேச்ச நான் நம்பறதில்ல. ஆனா எதுக்க வர்ற அல தெரியல சாமி. அவந்தான் ‘நைனா, குனி’ன்னு கத்தறான். அவன் போயிட்டா யாரு கத்துவா?

— இந்தக் கடிதத்தப் பாருங்க. பிரசாத் எழுதினது.

— எனக்கு எழுத்து தெரியாது. நீயே படி. கூட்டிக் கொறச்சி படிக்காத.

— “ஃபாதர், ஜூனில் நான் குருமடத்தில் சேரவில்லை. எனக்கு இறை அழைத்தல் இல்லை. நான் குடிப்பேன், பொய் சொல்வேன், ஒரு பெண்ணை விரும்புகிறேன். நீங்களே என்னை வேண்டாம் என்று தள்ளியதாக நைனாவிடம் சொல்லுங்கள்.”

— இன்னா சாமி இது? அவனா எழுதினான்?

— அவன்தான். குருமடத்துல சேரணும்னு மூணு வருஷமா எங்க முகாமுக்கு வர்றான். ‘இதுதான் என் வழி ஃபாதர்’னு போன மாசம்கூட சொன்னான். உங்களக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போன மறுநாள் இத எழுதியிருக்கான். நம்ப முடியல, அதான் விசாரிக்க வந்தேன். நீங்களும் அதையேதான் சொல்றீங்க. பேர அடிச்சிட்டுப் போயிடலாம்.

— உன் கண்ணுக்காவத்தான்யா அப்டி எழுதிகீறான். இன்னும் இன்னா முழிச்சிகினு கீற? வாயத் தொற.

— நீ சும்மா இருடி.

— சொல்லுங்க ஐயா. அடிச்சிடவா?

— இரு சாமி. குடி, பொண்ணு, அல்லாம் பொய்யி. தொழில பத்தி சொன்னது அத்த வுட பெரிய பொய்யி. படகுல அவன் ஒண்ணுத்துக்கும் ஆவ மாட்டான், அலையக் கண்டா வாந்தி எடுப்பான். எனக்கு வோணாம், இட்டுகினு போயிடு.