முருங்கைக் கட்டை மிதந்த கிணறு

படவேட்டிலிருந்து மலைக்கு ஏறும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் சொன்னாள்: "கட்டை மட்டும் மெதந்துதுக்கா. எங்க வூட்டுக்காரரக் காணோம்."

பக்கத்திலிருந்தவள் திரும்பினாள். "இன்னா கட்டைம்மா?"

"நீச்சல் கத்துக்க இடுப்புல கட்டிக்கினு எறங்குனாரு, கல்யாண முருங்கைக் கட்டை. காஞ்சா தக்கையாட்டம் இருக்கும், ஆளையே தூக்கி நிறுத்தும். கெணத்துல அது மட்டும் கெடந்துது. நான் கத்துன கத்துல ஊரே குதிச்சித் தேடுச்சி."

"அப்புறம்?"

"அவரும் குதிச்சாருக்கா."

"யாரு?"

"எங்க வூட்டுக்காரர்தான். கட்டைய அவுத்துப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிருந்தாரு. யாரோ முழுகிட்டாங்கன்னு நெனச்சி ஓடியாந்து குதிச்சிட்டாரு."

"அவருக்குத்தான் நீச்சல் தெரியாதே?"

"அதான் எனக்கும் புரியல. எல்லாரோடயும் சேந்து நீந்தி நீந்தித் தேடுனாரு. அப்புறம் மேல பாத்து, யாரைத் தேடுறோம்னு என்னையே கேட்டாருக்கா."