212 எண் ஏர்கன் இரண்டான கதை

ஸ்பிரிங்கை மாற்றினால் துப்பாக்கி மாறிவிடாது, இல்லையா? இதில் நம் ஏர்கன் குழுவில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது என்று நினைக்கிறேன். டயரை மாற்றியதும் இது வேறு பைக் என்று யாரும் சொல்வதில்லை. நானும் அங்கிருந்துதான் ஆரம்பித்தேன்.

நேற்று நான் போட்ட படத்தைப் பூதக்கண்ணாடி அண்ணா பெரிதாக்கிப் பார்த்துவிட்டார். யார் எந்த ஏர்கன் படம் போட்டாலும் திருகு திருகாகப் பார்ப்பவர் அவர், பட்டப்பெயர் சும்மா வரவில்லை. என் புதுத் துப்பாக்கியின் குழாய் அடியில் 212 என்று எண் இருக்கிறதாம். போன வாரம் நான் போட்ட இன்னொரு படத்தில் என் அத்தான் ஒரு துப்பாக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அதிலும் 212 இருக்கிறதாம். ஒரே எண் எப்படி இரண்டு துப்பாக்கியில் வரும் என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பதிலும் ரொம்பச் சாதாரணமானதுதான். அத்தான் நம் குழுவில் இல்லை என்பதால் நிதானமாகவே சொல்கிறேன்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் முதல் ஏர்கன், இப்போது அலமாரியில் பத்து. வேலை தையல் மிஷின் ரிப்பேர் கடையில், அதனால் ஸ்பிரிங், திருகு, எண்ணெய் எல்லாம் கைக்குப் பழக்கம். சுடுவது காகித அட்டையை மட்டும்தான். பறவையையோ பூனையையோ குறி பார்த்ததே இல்லை, ஓர் உயிருக்கும் என்னால் தீங்கு வந்ததில்லை. அம்மாவுக்குத்தான் குறை. "மத்த வீட்டுப் பொண்ணுங்க அலமாரியத் திறந்தா துணி விழும். இவ அலமாரியத் திறந்தா போலீஸ்தான் வரும்" என்பாள்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். பல் டாக்டர். ஊரைவிட்டுப் போன ஒரு நோயாளி, நன்றாகப் பொருந்திய பல்செட்டுக்கு நன்றியாக ஒரு பழைய ஏர்கனைக் கொடுத்துவிட்டுப் போனார். அத்தான் அதைக் கிளினிக்கில் பிளாஸ்டர் மாவில் வார்த்த பல் மாதிரிகளுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார். நான் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். குழாயை மடக்கினால் ஸ்பிரிங் இறுகும் வகை, ஆனால் அந்த மாதிரி ட்ரிகரைச் செய்த பட்டறையை மூடி அறுபது வருடம் ஆகிறது. எண் 212. அத்தானுக்கு இது எதுவும் தெரியாது. எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். எனக்கும் பிடிச்சிருக்கே என்றார். நான்கு முறை கேட்டேன். நான்கு முறையும் சிரித்துக்கொண்டே அதையே சொன்னார்.

சரி, அவர் பொருள், அவர் விருப்பம். நான் மதிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு மொட்டை மாடியில் சுடுவோம். ஆளுக்குப் பத்துக் குண்டு, தோற்றவர் கார் கழுவ வேண்டும். பெரும்பாலும் நான்தான் கழுவினேன். பல் டாக்டரின் கை அப்படி, ஆடவே ஆடாது. எட்டு, ஒன்பது என்று கறுப்பு வட்டத்துக்குள் சாவகாசமாகப் போட்டுவிட்டுப் போவார்.

ஒருநாள் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்றேன். உண்மையாகவே தளர்ந்திருந்தது. புதிது போட்டேன். பழையதை என்ன செய்ய என்று கேட்டேன். தூக்கிப் போட்டுடு என்றார். தூக்கிப் போட்ட பொருள் யாருக்குச் சொந்தம்? யாருக்கும் இல்லை. ஒரு பிஸ்கட் டப்பாவில் எடுத்து வைத்தேன்.

அடுத்து உள்ளே காற்றை அடைக்கும் தோல் வாஷர். அதுவும் காய்ந்து போயிருந்தது. பிறகு திருகுகள், ஒவ்வொன்றாக. பிறகு ட்ரிகர். தேய்ந்திருக்கிறது என்றேன். உண்மையில் அது தேயவில்லை, ஆனால் ஒருநாள் தேயத்தானே செய்யும். எங்கள் கடை உதிரிகளை அராவி ஒரு நகல் செய்து போட்டேன். அத்தான் இழுத்துப் பார்த்துவிட்டு முன்னைவிட வழவழன்னு இருக்கே என்று பாராட்டினார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வேலை அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

தோளில் வைத்துச் சுடும் மரக்கட்டைக்கு மட்டும் நிறைய யோசிக்க வேண்டியிருந்தது. நல்ல கட்டை, ஒரு கீறல்கூட இல்லை. விரிசல் விட்டிருக்கிறது, சுடும்போது பிளந்து முகத்தில் அடிக்கும் என்று சொன்னேன்.

"எங்கே விரிசல்?"

"இந்த வெளிச்சத்துல தெரியாது அத்தான்."

அவர் உள்ளே போய்ப் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்து வந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டையை ஐந்து நிமிடம் பரிசோதித்தார். பிறகு, "ஆமா, லேசா ஒரு கோடு தெரியுது" என்றார். படித்தவர்களோடு பழகுவதில் இந்த வசதி உண்டு. தச்சரிடம் அளவு கொடுத்துப் புதுக்கட்டை வாங்கி மாட்டினேன். பழையது போர்வைக்குள் சுற்றி என் கட்டிலுக்கு அடியில் போனது.

இப்போது என்னிடம் எல்லாம் இருந்தது, சிலிண்டரையும் குழாயையும் தவிர. பழைய இரும்புக் கடையில் உடைந்த ஏர்கன் ஒன்று கிடைத்தது. அதன் சிலிண்டரையும் குழாயையும் அளவுக்கு அறுத்து, தேய்த்து, கருப்பேற்றி, கடையில் இருந்த எண் அச்சு உளியால் 212 என்று அடித்தும் வைத்துவிட்டேன். மூன்றாவது முறைதான் இரண்டுகள் இரண்டும் நேராக வந்தன. ஆனால் மாற்ற ஒரு காரணம் வேண்டுமே. குழாய் லேசில் தேயாது. குண்டு கண்டபடி போனால்தான் குழாயைச் சந்தேகப்பட முடியும்.

குறி பார்க்கும் பின் தகட்டில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது, உங்களுக்குத் தெரியாததில்லை. ஞாயிறுதோறும் அத்தான் சுடுவதற்கு முன்னால் எண்ணெய் துடைப்பது என் வேலை. துடைக்கும்போது அரைச் சுற்றுத் திருகினேன். ஒரே பக்கமாகத் திருகினால் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் ஒருமுறை இடம், ஒருமுறை வலம். ஐந்தாவது குண்டுக்குப் பிறகு மறுபடி வாங்கித் துடைத்துக் கொடுப்பேன். அட்டையில் அம்மை போட்டது மாதிரி குண்டுகள் விழுந்தன.

இங்கேதான் என் கணக்கு தப்பியது. நம்மைப் போன்றவர்கள் குறி தவறினால் முதலில் துப்பாக்கியைத் திட்டுவோம், அப்புறம் குண்டை, அப்புறம் காற்றை. நம் கையைத் திட்டியதாக இந்தக் குழுவில் இதுவரை ஒரு பதிவுகூட இல்லை. அத்தான் பல் டாக்டர். அவர் நேராகத் தன் கையைப் பார்த்தார்.

நான்காவது வாரம் துப்பாக்கியை என்னிடம் நீட்டினார். "நீ அடிச்சுப் பாரு. இதுல கோளாறா, என்கிட்டயான்னு தெரிஞ்சிடும்."

இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. நான் தவறவிட்டிருந்தால் குழாய் அன்றே என் கைக்கு வந்திருக்கும். ஆனால் திருகு எந்தப் பக்கம் எவ்வளவு போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதற்கு ஏற்ப எங்கே பார்த்து அடிக்க வேண்டும் என்றும் தெரியும். அத்தான் பார்க்கிறார், கொடியில் துணி காயப்போடும் அக்காவும் பார்க்கிறாள். ஆள் பார்க்கும்போது வேண்டுமென்றே தவறவிட எனக்கு வராது. மூன்று குண்டு, மூன்றும் நட்டநடுவில்.

அத்தான் கீழே போய்க் கார் கழுவினார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அக்கா போனில் சொல்லித்தான் தெரியும். காபியை நிறுத்தினார். கையை நீட்டி அதன்மேல் காகிதம் வைத்துப் பார்த்தார். நரம்பு டாக்டர் ஒன்றுமில்லை என்றதும், ஒன்றுமில்லை என்று ஆறுதல் சொல்லும் அளவுக்கு நோய் முற்றிவிட்டது போலிருக்கிறது என்று பயந்தார். பல் பிடுங்குவதை வேறு டாக்டருக்கு அனுப்பினார். பிறகு அடைப்பதையும். பிறகு வெறுமனே பல் சுத்தம் செய்வது மட்டும்.

"கரண்டி பிடிக்கிற கையையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார்டி. சோறு ஆறிப் போகுது, அவர் பார்வை மட்டும் மாற மாட்டேங்குது" என்றாள் அக்கா.

எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் குழாய் இன்னும் வரவில்லை.

நேரில் போய், உங்கள் கையில் ஒன்றுமில்லை, குழாய்தான் வளைந்திருக்கிறது, கழற்றிக் கொடுங்கள் என்று சொன்னேன். நானே வலியப் போய் அவருக்கு ஆறுதல் சொன்னேன் என்பதைக் கவனியுங்கள். அவர் என் தலையில் கை வைத்தார்.

"எனக்காகப் பொய் சொல்லாதேம்மா. நீ அடிச்சப்ப நடுவுல விழுந்துச்சே. கை ஆடுறவனுக்கு இது எதுக்கு? நீயே வெச்சுக்க."

முழுத் துப்பாக்கியையும் கொடுத்துவிட்டார். முதலிலேயே இப்படிக் கொடுத்திருந்தால் இத்தனை பேருக்கு இத்தனை அலைச்சல் இருந்திருக்காது. அவரை நான் மன்னித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து டப்பாவையும் போர்வையையும் பிரித்து, பழைய பாகங்களை எல்லாம் பழைய சிலிண்டரோடும் குழாயோடும் சேர்த்தேன். உண்மையான 212 என் மடியில் இருந்தது. மிச்சம் கிடந்த நகல்களையும் நான் செய்த சிலிண்டரையும் குழாயையும் சேர்த்தால் அதுவும் ஒரு துப்பாக்கி. வீணாக்குவானேன் என்று அதையும் பூட்டி வைத்தேன்.

அந்த வாரம்தான் அக்கா அழுதாள். நோயாளிகள் சாயும் அந்தப் பெரிய நாற்காலியைத் திங்கட்கிழமை ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போகப் போகிறார், கிளினிக்கை மூடுகிறார்கள் என்றாள். என் கடைவாய்ப் பல்லில் அத்தான் ஆரம்பித்த வேர் சிகிச்சை பாதியில் நின்று, இடது பக்கம் எதையும் மெல்ல முடியாமல் நான் இருந்தேன் என்பது வேறு விஷயம். அதற்கும் நான் அடுத்துச் செய்ததற்கும் சம்பந்தமில்லை. மனிதாபிமானம்தான்.

ஞாயிறு காலை நகலை எடுத்துக்கொண்டு போனேன். தகட்டை நேராகத் திருகி, வீட்டில் முப்பது குண்டு அடித்துச் சரிபார்த்திருந்தேன். குழாய் மாற்றியிருக்கிறேன், கடைசியாக ஒரு தடவை என்றேன். வேண்டாம் வேண்டாம் என்றவரை அக்கா பிடித்துத் தள்ளினாள்.

முதல் குண்டு நடுவில். இரண்டாவது அதை ஒட்டி. ஐந்தாவதுக்குப் பிறகு பழக்கத்தில் துடைக்கக் கை நீட்டினேன், பிறகு மடக்கிக்கொண்டேன். பத்துக்குப் பத்து. அத்தான் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப நாள் கழித்து ஊரிலிருந்து திரும்பிய சொந்தக்காரரைப் பார்ப்பது மாதிரி தன் கையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்து மெதுவாக, "நாற்காலிக்காரரை வர வேண்டாம்னு சொல்லிடு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "குடுத்ததைத் திருப்பிக் கேக்கறேன்னு நினைக்காதே, இது என்கிட்டயே இருக்கட்டும்" என்றார். அவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் படம் அப்போது எடுத்ததுதான்.

ஆக, பூதக்கண்ணாடி அண்ணா, எண் இரண்டானது இப்படித்தான். திருடியதும் நான்தான், திருகியதும் நான்தான், ஒரு நல்ல மனிதரை இரண்டு மாதம் தன் கையையே நம்பாமல் வைத்திருந்ததும் நான்தான். இப்போது அவர் பல் பிடுங்குகிறார், என் பல்லும் சரியாகிவிட்டது, எல்லோரும் சந்தோஷம்.

ஒரு சின்னச் சங்கடம் மட்டும். உண்மையான 212-இல் நான் பத்துக்கு ஆறு அல்லது ஏழுதான் அடிக்கிறேன். அத்தான் தன்னுடையதில் வாராவாரம் பத்து அடிக்கிறார். கார் தொடர்ந்து என் தலையில். எனக்கு என்னவோ அந்த நகல்தான் நல்ல துப்பாக்கி என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது, அதுவும் நான் செய்தது. கேட்டேன். எனக்கும் பிடிச்சிருக்கே என்று சிரிக்கிறார். போன தடவை அரைச் சுற்று கொஞ்சம் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். கால் சுற்று மட்டும் திருகினால் ஒரு மனிதர் தன் கையைச் சந்தேகப்பட மாட்டார்தானே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?