கழுதை சுமந்த கம்பு

ரொம்பக் காலத்துக்கு முந்தி, முள்ளூரணியில மழை பொய்ச்சு மூணாவது வருசம் நடந்ததாம். கேட்டதைத்தான் சொல்றேன், கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல.

ஒரு மடத்துக்காரங்க பணம் கொடுத்து ஊர்ல கஞ்சிக்கொட்டகை போட்டாங்களாம். சுத்துப்பட்டுச் சனமெல்லாம் அந்தக் கஞ்சியை நம்பித்தான் உயிரோட இருந்துச்சாம். தானியம் வாங்கிச் சேர்க்கிற பொறுப்பு எங்க முப்பாட்டன் வெயிலுவந்தானுக்கு.

ஊர்ப்பெரியவர் கொம்பையா சொன்னாராம்: "மேற்கே சந்தையில கம்பு சல்லிசு. நம்ம ஊர் வண்டி இருக்கு. மொத்தத்தையும் அதுலயே ஏத்திருவோம்."

வெயிலுவந்தான் அதிகம் பேசமாட்டாராம். குனிஞ்சுக்கிட்டே, "வண்டிக்குப் பாதி போதும் அண்ணாச்சி. மீதிய மாடத்தி கழுதையில கொண்டாரட்டும்"னாராம். மாடத்தி ஊருக்குத் துணி வெளுக்கிறவ.

"கழுதையா? கூலி கூட ஆகும், வாங்குற கம்பு குறையும், கஞ்சி தண்ணியாப் போகும் வே! அதுவும் கழுதை முதுகுல வந்ததை நான் குடிக்கணுமாக்கும்?"

"வண்டிமாடு அத்தனையும் ஒரே குட்டையிலதான் தண்ணி குடிக்குது. மத்ததெல்லாம் வத்திருச்சு. ஒண்ணுக்குக் கோமாரி வந்தா எல்லாத்துக்கும் வரும். கழுதைக்கு அந்தச் சீக்கு வராது."

"வரும்போது பாப்போம்."

"வந்தப்புறம் உலையில என்னத்தைப் போட?"

ஊரே சிரிச்சுச்சாம். கழுதைக்காரன்னு பேர் வச்சுச்சாம். கஞ்சி தண்ணியாத்தான் ஆச்சாம். ஏசினாங்களாம். அவர் பாட்டுக்குப் பாதி மூட்டையை மாடத்தி கழுதையிலயே ஏத்திவிட்டாராம்.

சித்திரையில கோமாரி வந்துச்சாம். வாயில நுரை, குளம்புல புண்ணு. ஒரு மாடு படுத்துச்சாம். அதோட ஜோடி படுத்துச்சாம். அப்புறம் எல்லாம் படுத்துச்சாம். வண்டியெல்லாம் நின்னபடி நின்னுச்சாம். மாடத்தி கழுதை மட்டும் போச்சாம், வந்துச்சாம், போச்சாம், வந்துச்சாம். கொட்டகை அடுப்பு ஒருநாளும் அணையலையாம்.

கொம்பையா வீட்டுத் தானியக் குதிரும் காலியாம். சட்டியோட வரிசையில வந்து நின்னாராம். கஞ்சி ஊத்தினது மாடத்தி. அகப்பையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, "கழுதை சுமந்தது பெரியவரே, பரவால்லையா?"ன்னு கேட்டாளாம். வரிசையே சிரிப்பை அடக்க வாயைப் பொத்துச்சாம்.

கொம்பையா சட்டியை நீட்டி, "ஊத்து தாயி"ன்னாராம்.

இப்போ ஆடி மாசக் கோயில் கொடைக்குக் கஞ்சி காய்ச்ச மூட்டை லோடு வேன்லதான் வருது. ஆனாலும் ஒரு மூட்டையை ஊரெல்லையில இறக்கி, கழுதை மேல ஏத்தித்தான் கொண்டாரணும். ஊத்துறது மாடத்தி வம்சம். யார் சட்டியை நீட்டினாலும், "கழுதை சுமந்தது, பரவால்லையா?"ன்னு கேட்பாங்க. "ஊத்து தாயி"ன்னு சொல்லாதவருக்குக் கஞ்சி கிடையாது. போன கொடையில தாசில்தாரும் சொல்லித்தான் குடிச்சாரு.