ஒரு தலை, ஒரு புள்ளி

இளையாத்தங்குடி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் பொருளாதார வாத்தியார், மடியில் விடைத்தாள் கட்டு. இன்னொருவர் திருநீறு பூசிய செட்டியார்.

"எழுபதுகள்ல தலைக்கு வருமானம் பாத்தா சிங்கப்பூரைவிட புருனே ரொம்ப மேல, அண்ணே. எண்ணெய் இருந்துச்சு. பிற்பாடு சிங்கப்பூர் தாண்டிருச்சு."

"தலைன்னா? கல்யாணமான ஆளுகளை மட்டுந்தானே எண்ணுவாக?"

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஏன் அப்படிக் கேக்குறீக?"

"எங்க கோயில்ல கல்யாணமானவனைத்தான் ஒரு புள்ளின்னு எண்ணுவோம் சார். வரியும் புள்ளிக்குத்தான்."

"இது அப்படியில்ல. நாட்டோட மொத்த உற்பத்தியை அங்க இருக்க எல்லாருக்கும் வகுக்கணும். பச்சக்குழந்தையும் ஒரு தலை."

"ஒண்டிக்கட்டை?"

"அவுகளுந்தான்."

"இங்கேருந்து வேலைக்குப் போனவுக?"

"அங்க குடியிருந்தா அவுகளையும் சேத்துத்தான்."



"என் தம்பி சிங்கப்பூர்ல இருபத்தஞ்சு வருசம் இருந்தான் சார். கல்யாணமே பண்ணிக்கிடலை. போன வருசம் அங்கேயே தவறிட்டான். கடைசி வரைக்கும் நாங்க அவனை ஒரு புள்ளியா எண்ணவே இல்லை."

வாத்தியார் விடைத்தாள் கட்டைச் சரிசெய்தார்.

"அங்க எண்ணியிருப்பாகல்ல, சார்?"