இரண்டு மேற்கோள் குறிகள்

உங்கள் டைப்ரைட்டரில் 'ர' எழுத்து மயிரிழை கீழே விழுகிறது, இன்ஸ்பெக்டர் சார். திருகை முடுக்கினால் சரியாகிவிடும். சின்னப் பிசகுதானே என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது.

செங்கம் ரோட்டு தர்ம ஆஸ்பத்திரியில் கோதண்டராமனாகிய நான் பதிவு குமாஸ்தா. போன வருஷம், எண்பத்தெட்டில், ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் எங்களுக்குக் கம்ப்யூட்டரும் தடித்த புத்தகம் ஒன்றும் கொடுத்தார். ஆறு மாதம் அந்தப் புத்தகத்தோடு மல்லுக்கட்டி ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிகள், எழுதினேன். பென்சிலின் ஊசி ஒத்துக்கொள்ளாத நானூறு பேரின் சீட்டு நம்பர்கள் ஒரு பட்டியலில் இருக்கின்றன. ஊசி போடுமுன் நர்ஸ் மெஹ்ருன்னிசா நம்பரைத் தட்டினால், அது பட்டியலில் உண்டா என்று ஸ்கிரிப்ட் சொல்லும்.

தட்டிய நம்பர் ஒரு டப்பாவுக்குள் போய் உட்காரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவின் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால், மெஷின் டப்பாவைத் திறந்து உள்ளே இருக்கும் நம்பரைத் தேடும். ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால் திறக்காது, டப்பாவின் பெயரையே தேடும். அப்படி ஒரு பெயர் பட்டியலில் ஏது? யார் வந்தாலும் 'தடையில்லை' என்றுதான் பதில் வரும்.

தை மாதம் இந்தக் கம்ப்யூட்டர் வேலைக்காக விழா எடுத்தார்கள். மெட்ராஸில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்துவிட்டு எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த வேணு மேடை ஏறி, "இத நான்தாங்க பண்ணேன்" என்றான். ரோஜா மாலை போட்டார்கள். "கோதண்டராமன் சாரும் ஒத்தாசை பண்ணாருங்க, கார்டெல்லாம் அடுக்கிக் குடுத்தாரு" என்று சேர்த்துக்கொண்டான். நானும் கை தட்டினேன்.

மறுநாள் காலை இரட்டை மேற்கோள்களை ஒற்றையாக்கினேன். ஒரு மணி நேரத்தில் யாராவது கண்டுபிடிப்பார்கள், வேணு திருதிருவென்று விழிப்பான் என்று நினைத்தேன். பதினோரு நாள் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. இவ்வளவு அலட்சியமான ஆஸ்பத்திரியை என்ன சொல்வது?

பன்னிரண்டாம் நாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து எல்லம்மாள் வந்தாள். காலில் அரிவாள் வெட்டு. "ஏதோ ஒரு ஊசி எனக்கு ஆவாதுன்னு போன தபா இங்கதான் எழுதுனாங்க. கொஞ்சம் பாருங்க சார்" என்றாள்.

"எல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும்மா. உள்ள போங்க" என்றேன்.

அவள் சீட்டு நம்பர் முந்நூற்றுப் பன்னிரண்டு. பட்டியலில் அதை ஏற்றியவனே நான்.

ஊசி போட்ட கால் மணி நேரத்தில் அவள் உயிர் போய்விட்டது. வார்டில் அழுகைச் சத்தம் கேட்டபோது நான் மேற்கோள்களைப் பழையபடி இரட்டையாக்கிக் கொண்டிருந்தேன். அப்புறம் நீங்கள் வந்தீர்கள், நம்பரைத் தட்டினீர்கள், எச்சரிக்கை சரியாக வந்தது. மெஹ்ருன்னிசா பார்க்காமல் ஊசி போட்டுவிட்டாள் என்று எழுதி அவளை அழைத்துப் போனீர்கள். "நான் பாத்தேன் சார், இல்லன்னுதான் வந்துச்சு" என்று அவள் கதறியதை நானும் கேட்டேன். அவளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. பாவம்தான்.

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. ஆனால் நேற்று டாக்டர் எல்லோரையும் கூட்டிவைத்து, "மனுஷங்க தப்பு பண்ணாலும் வேணு பண்ண மெஷின் வேலை தப்பு பண்ணல" என்று அவன் முதுகில் தட்டினார். அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆகவே டைப் அடித்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்ட் எழுதியது, மாற்றியது, திருப்பியது, எல்லாம் நான். வேணுவுக்கு இதில் எந்தப் பங்கும் கிடையாது. கீழே பெயர், கோதண்டராமன். அந்த 'ர' மட்டும் வரியில் நேராக விழட்டும்.