மேற்படி முகவரியில் வசிக்கவில்லை

— சர்க்கார் வீடுன்னா ஒரு விதி இருக்குல்ல சார்? காலி பண்ணச் சொல்ற நோட்டீஸ கையில குடுக்கணும், முப்பது நாள் விடணும். நாளைக்குப் பூட்டு போட வருவோம்னு உங்க ஆளு சொல்லிட்டுப் போறான். என் கைக்கு ஒரு துண்டுச் சீட்டு வரல.

— கேளுங்க. கையிலதான் குடுத்திருக்கோம். போன மாசம் ரெண்டாந்தேதி, பகல் பதினொரு மணி. இதோ, வாங்கினவர் கையெழுத்து.

— இது எங்கப்பா எழுத்து. மனுஷன் ஒரு வார்த்தை சொல்லலியே.

— நீங்க எங்க இருந்தீங்க?

— ஆஸ்பத்திரியில துணி வெளுக்கறேன். பகல்ல எனக்கு ஏது வீடு?

— வீட்டுல குடியிருக்கிற யார் வாங்கினாலும் நீங்க வாங்கின கணக்குதான். ஆட்சேபம் சொல்ல பத்து நாள் குடுத்தோம். அதுவும் போச்சு.

— என்ன தப்பு பண்ணேன்னு சொல்லுங்க.

— அவருதான் தப்பு. வீடு ஒதுக்கின உத்தரவுல நாலு பேர். நீங்க, சம்சாரம், ரெண்டு பொண்ணு. அஞ்சாவதா ஒருத்தர் எட்டு மாசமா இருக்காருன்னு மேல்வீட்டுக்காரர் எழுதிக் குடுத்திருக்காரு.

— அம்மா போனதும் கூட்டிட்டு வந்தேன். பேர் சேருங்கன்னு மூணு மனு குடுத்தேன் சார்.

— அஞ்சு பேர்னா பெரிய வீடு குடுக்கணும். பெரிய வீடு காலியில்ல. கேளுங்க, மெதுவாப் பேசுங்க. ஒரு வழி இருக்கு. நோட்டீஸ் வாங்கினவர் அங்க குடியிருக்கலன்னா, அந்த நோட்டீஸ் செல்லாது.

— புரியல.

— அவரு அன்னைக்குச் சும்மா எட்டிப் பாக்க வந்தவரு. அப்படி எழுதிக் குடுங்க. புது நோட்டீஸ், புது முப்பது நாள். நாங்க வந்து பாக்கறப்போ அவரு இல்லன்னா கேஸே இல்ல.

— இருப்பாரே.

— இருக்கக்கூடாது.

— எங்க சார் போவாரு?

— அதுக்கு இங்க விதி எதுவும் இல்ல.

— உங்களுக்கு அப்பா இல்லையா?

— என்னை ஏன் இழுக்கறீங்க? உங்கப்பா அங்க இருக்காருன்னு சொன்னா நாளைக்கு அஞ்சு பேரும் தெருவுல. இல்லன்னு சொன்னா ஒருத்தர்.

— பெரியவளுக்கு அடுத்த வாரம் பரீட்சை...

— அப்ப எழுதறேன். ‘மேற்படி நபர் என் வீட்டில் வசிக்கவில்லை.’ கையெழுத்துப் போடுங்க. சரி. கீழ அவரும் போடணும், ‘நான் அங்கு வசிக்கவில்லை’ன்னு. வெளிய பெஞ்சுல இருக்காரே, அவருதானே?

— ஆமா. காது மந்தம். நானே சொல்லிக்கறேன். அப்பா! உள்ள வாங்க!

— என்னடா பெரியவனே, முடிஞ்சுதா? ஐயா, வணக்கம். தங்கமான பிள்ளைங்க. கட்டில எனக்கு விட்டுட்டு இவன் தரையில படுக்கறான்.

— அதெல்லாம் என் காதுல விழல பெரியவரே.

— என்னடா சொல்றாரு?

— இங்க ஒரு கையெழுத்துப் போடச் சொல்றாருப்பா.

— கண்ணாடி எடுத்துட்டு வரலியே. என்னன்னு எழுதியிருக்கு?

— உங்க பேர நம்ம வீட்டுல சேக்கறாங்கப்பா. போடுங்க.