முளைக்கக் கூடாத பாலிகை

— அக்கா, இது முளைச்சிருக்கக் கூடாது.

— மெதுவா, மாலு. அடுக்களைல அம்மா இருக்கா.

— உன் கல்யாணத்துக்குப் பாலிகை தெளிச்ச அஞ்சு கிண்ணத்தையும் பாரு. நெல்லு, எள்ளு, உளுந்து ஒண்ணு பாக்கியில்லை. நேத்து சாயங்காலம் வரைக்கும் வெறும் மண்ணா இருந்தது. ஜன்னலோரத்துல வெச்ச கிண்ணம், ஆனா முளை இருட்டுல வளர்ந்த மாதிரி வெளுத்துக் கிடக்கு.

— விதையை நீ சரியாக் கொன்னியோ என்னவோ.

— நான் எங்கே கொன்னேன்? லேபுக்கு எடுத்துண்டு போய், ஊற வெச்சு, சுடுதண்ணில கொஞ்ச நேரம் போட்டேன். வேகக்கூட இல்லை. அந்தச் சூட்டுக்கே செல்லுக்குள்ள இருக்கற மைட்டோகாண்ட்ரியா ஒரு புரதத்தை வெளில விட்டுடும். செல்லுக்கு மூச்சு குடுக்கறதும் அதுதான், போதும்னு உத்தரவு போடறதும் அதுதான். அப்புறம் செல் தன்னைத் தானே முடிச்சுக்கும். வெளில பாத்தா நல்ல விதையாட்டம் இருக்கும்.

— ம்.

— சாயத்துல போட்டும் பாத்தேன். மூச்சு இருந்தா விதை சிவக்கும். ஒண்ணுகூட சிவக்கலை. மாமிகள் எல்லாரும் தெளிச்சது அந்த விதையைத்தான்.

— அப்ப செத்துட்டு முளைச்சிருக்கு.

— விளையாடாதே ஜெயாக்கா. சாயங்காலம் மாப்பிள்ளையோட அம்மா, அந்த மந்தவெளி மாமி, பாலிகை பாக்க வரா. முளைக்கலேன்னாதான் அபசகுனம்னு அவாளே கல்யாணத்தை நிறுத்துவா. அப்பாதான் வாக்கு குடுத்தாச்சுன்னு நகரமாட்டேங்கறாரே.

— நிறுத்தினா?

— நீ தப்பிச்சே. மாப்பிள்ளையோட மொத ஆம்படையா கெரசின் ஸ்டவ் வெடிச்சுப் போனாங்கறா. அந்தாத்துல அப்பவே காஸ் இருந்ததுன்னு நீதானே விசாரிச்சுண்டு வந்து அழுதே? அப்பா, ஊர் வம்பைக் கேக்காதேன்னுட்டார்.

— இலைல நோய் வந்தா என்ன ஆகும்னு அன்னிக்குச் சொன்னியே, அதை இன்னொரு தரம் சொல்லு.

— இப்ப எதுக்கு?

— சொல்லேன்டி.

— நோய் பட்ட செல்லுக்கு அதே உத்தரவு வரும். தானே செத்துடும். பழுப்பா ஒரு பொட்டு, அவ்வளவுதான். அதைத் தாண்டி நோய் பக்கத்து செல்லுக்குப் போக முடியாது. இலை பிழைச்சுடும்... அக்கா, உன் நகமெல்லாம் ஏன் மண்ணு?

— வேற விதையை ஈரத்துணில கட்டி பீரோக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தேன். நேத்து ராத்திரி அந்த முளையைக் கிண்ணத்துல மாத்தி நட்டேன். வெள்ளிக்கிழமை அந்த மாமி ஃபோன் பண்ணினா, மாலு. மூத்தவளுக்கு ஏதாவது தடங்கல் வந்தா சின்னவளைக் குடுத்துடுங்கோன்னு கேட்டா. அப்பா சரின்னுட்டார்.